படம் எடுத்த பிறகு

அன்புள்ள மகளுக்கு,

அப்பாயியின் சீனி வருத்தத்துக்கு மருந்தைக் கூட்டவா குறைக்கவா என்று போனில் உள்ள ஏஐயிடம் கேட்கலாமா என்று எழுதியிருந்தாய். வேண்டாம். இன்சுலின் கூடிப்போனால் சீனி சட்டென்று இறங்கி ஆள் மயங்கி விழலாம். அப்பாயி காலையில் ரொட்டி சாப்பிட்டாரா, வெறும் தேத்தண்ணியோடு கிளம்பிவிட்டாரா என்பது போனுக்குத் தெரியாது. அப்படியே கேட்டாலும், அது சொல்வதைக் கேள்வியாக எழுதிக்கொண்டுபோய் கிளினிக்கில் கேள். 1999இல் நம் கொத்மலை வானொலி யுனெஸ்கோ உதவியோடு செய்தது ஏறக்குறைய இதைத்தான். நேயர் கேள்வி அனுப்புவார். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, விஷயம் தெரிந்தவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளக்குவார்.

ஏஐ உண்மையாகவே கைகொடுக்கும் இடம் கண். சீனி கூடியபடியே இருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். வலிக்காது, ஆரம்பத்தில் பார்வையும் மங்காது. விழித்திரையைப் படம் பிடித்தால் முன்கூட்டியே தெரியும். ஆனால் அந்தப் படத்தைப் படித்துச் சொல்லக் கண் டொக்டர் வேண்டுமே! அந்த வேலையைத்தான் கணினிக்குப் பழக்கினார்கள். கூகுள் குழு சுமார் 1,28,000 படங்களைக் கொண்டு பழக்கி, 2016இல் முடிவை வெளியிட்டது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அதில் பங்காளி.

பிறகு அதைத் தாய்லாந்தின் சிறு கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனார்கள். நல்ல இருட்டறை இல்லாததால் படம் மங்கலாக விழுந்தது. ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களை 'தரம் போதாது' என்று இயந்திரம் தள்ளிவிட்டது. இணையம் இழுபட, வரிசை நீண்டது. 2020இல் வந்த அந்த ஆய்வில் என்னை நிறுத்திய இடம் இன்னொன்று: பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டால் நோயாளிக்கு அலைச்சல் என்று எண்ணி, சோதனையில் சேரவேண்டாம் என்று சில நர்ஸ்மாரே சொல்லியிருக்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கேயும் 'கண் டொக்டரைப் பாருங்கள்' என்றால் நுவரெலியாவுக்கு பஸ் ஏறவேண்டும். துணைக்குப் போகும் உன் அம்மாவுக்கு அன்றைக்குப் பேர், அதாவது நாள் சம்பளம், கிடையாது. இணையப் பிரச்சினைக்காவது வழி பிறந்துவிட்டது: மும்பை மாநகராட்சி டிஸ்பென்சரிகளில் இணையமே இல்லாமல், போனிலேயே படமெடுத்து முடிவு சொல்லும் ஏஐயைச் சுகாதாரப் பணியாளர்களே இயக்கினார்கள், 2019இல் வந்த முடிவு நன்றாகவே இருந்தது. நம் தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் அப்படியொன்று பொருந்தும். ஆனால் பஸ்ஸுக்கும் பேருக்கும் வழிசெய்யவேண்டியது தோட்ட நிர்வாகமும் சுகாதாரத் திணைக்களமும்தான். அப்படி ஒரு கருவி வந்தால், எத்தனை பேரைப் படம் எடுத்தார்கள் என்று கேட்காதே. போகச் சொன்னவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று கேள்.

அதுவரை, அப்பாயியின் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார். வருடத்துக்கு ஒருமுறையாவது கண் பார்த்திருக்கவேண்டும். தேதி எதுவும் இல்லையென்றால் அடுத்த கிளினிக்கில் நீயே கூடப்போய்க் கேட்டு, எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா