ஒருவன் பெயரும் ஒரு கூட்டத்தின் பெயரும்

 

ஒரு கடையில் வாங்கிய பருப்பில் ஒரு கல் அகப்பட்டுவிட்டால் வாங்கியவர் என்ன சொல்கிறார்? முதல் நாள், "இந்தப் பருப்பில் கல் இருக்கிறது" என்கிறார். மறுநாள், "இந்தக் கடைச் சரக்கே இப்படித்தான்" என்கிறார். ஒரு வாரம் கழிந்தால், "இந்த ஆட்கள் கடை எல்லாமே இப்படித்தான்" என்று பேச்சு முடிகிறது. அகப்பட்ட கல் ஒன்று. பழி சுமப்பதோ ஒரு கூட்டம்.

வாய்ப்பேச்சாக இருக்கும்வரை இது நாளடைவில் தேய்ந்து போகும். அதே பேச்சு புத்தகத்தில் ஏறி, பள்ளிக்கூடத்தில் நுழைந்து, பத்திரிகையிலும் நாடகத்திலும் சினிமாவிலும் திரும்பத் திரும்ப வந்தால், அழிக்க முடியாதபடி நிலைத்துவிடுகிறது. பின்னால் பிறக்கும் குழந்தைகளும் அந்தப் பழியைச் சுமக்கின்றன. ஆகவே இவ்விஷயத்தை நாம் ஆற அமர்ந்து படித்துக்கொள்வது அவசியம். அதற்குத் தூர தேசத்து உதாரணம் தேவையில்லை. நம் உம்பாய்க்குப் பக்கத்தில், மலாக்கா நகரிலேயே, ஐந்நூறு வருஷங்களுக்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் போதும்.

கித்துலின் கதை

"செஜாரா மெலாயு" என்பது மலாய் அரசர்களின் வரலாற்றைச் சொல்லும் புகழ்பெற்ற நூல். 2001-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது. மலாக்கா ராஜ்ஜியம் வீழ்வதற்குச் சற்று முன் நடந்த விஷயம் ஒன்று அதில் வருகிறது.

அப்போது ஆண்டவர் சுல்தான் மஹ்மூத் ஷா. அவருடைய பெண்டாஹாரா, அதாவது முதன்மந்திரி, துன் முதாஹிர் என்பவர். ராஜா முதலியார் என்னும் பெரும் பணக்காரத் தமிழ் வணிகர் துறைமுகத்தில் ஷாபந்தராக அதிகாரம் செலுத்தினார். அவருக்கும் நைனா சுர தேவனா என்ற மற்றொரு வணிகத் தலைவருக்கும் வழக்கு மூண்டு, அது பெண்டாஹாராவிடம் வந்தது. தீர்ப்பாகுமுன் இரவு வேளையில் நைனா சுர தேவனா பத்துக் கட்டிப் பொன்னைக் கொண்டுபோய்ப் பெண்டாஹாராவுக்குக் கொடுத்தார். பெண்டாஹாராவும் வாங்கிக்கொண்டார் என்பதை நூல் ஒளிக்காமல் சொல்கிறது.

கித்துல் என்பவன் நைனா சுர தேவனாவுக்கு உறவினன். ராஜா முதலியாரிடம் ஒரு கட்டிப் பொன் கடன்பட்டவன். அவன் முதலியாரிடம் ஓடிப்போய்ப் பொன் கைமாறிய சேதியைச் சொன்னான். அது மெய். அதோடு, முதலியாரைக் கொல்வதற்கும் பெண்டாஹாரா இணங்கிவிட்டதாகச் சேர்த்துச் சொன்னான். அது பொய். கித்துலின் கடன் தள்ளுபடியாயிற்று.

பயந்துபோன முதலியார், கடற்படைத் தலைவரான லட்சுமணா கோஜா ஹஸனிடம் பொன்னும் மணியும் கொண்டுபோய்க் கொடுத்து, பெண்டாஹாரா அரியணையைப் பிடிக்கப் பார்க்கிறார் என்று கோள் மூட்டினார். லட்சுமணா அதைச் சுல்தானின் காதில் போட்டார். பெண்டாஹாரா தம் மகள் துன் பாத்திமாவைத் தமக்குக் காட்டாமலே மணமுடித்துவிட்டார் என்று முன்பே மனத்தாங்கல் கொண்டிருந்த சுல்தான், விசாரணை ஏதுமின்றி மரண தண்டனை விதித்துவிட்டார். 1510-ஆம் ஆண்டில் துன் முதாஹிரும் அவர் குடும்பத்தாரும் கொல்லப்பட்டனர். பின்னர் பொய் வெளிப்பட்டது. முதலியாரும் கித்துலும் குடும்பத்தோடு அழிக்கப்பட்டனர். லட்சுமணாவும் தண்டனைக்குத் தப்பவில்லை. அடுத்த வருஷம், 1511 ஆகஸ்டில், அல்புகர்க் தலைமையில் வந்த போர்த்துக்கீசியப் படை மலாக்காவைக் கைப்பற்றியது.

நால்வர் செயல், இருவர் பெயர்

சகோதரர்களே, இக்கணக்கை ஒரு வியாபாரியின் கண்ணால் பாருங்கள். பொய் சொன்னவன் கித்துல். தீர விசாரிக்காமல் பொன் கொடுத்துப் பரப்பியவர் முதலியார். பொன்னை வாங்கிக்கொண்டு அரண்மனைக்குக் கொண்டுபோனவர் லட்சுமணா. ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் தீர்ப்பளித்தவர் சுல்தான். இந்நால்வரில் ஒருவர் நிதானித்திருந்தாலும் அந்த இரத்தம் சிந்தியிருக்காது. நூலை எழுதியவர் நால்வர் பங்கையும் உள்ளபடி எழுதியிருக்கிறார்.

ஜனங்களின் நினைவில் நின்ற பெயர்கள் எவை? "சி கித்துல்", "ராஜா மெண்டலியார்" என்னும் இரண்டுதாம். மலாய் அரசியல் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் துரோகிக்கு உவமை சொல்ல வேண்டுமானால் இன்றும் இப்பெயர்களே எடுபடுகின்றன. அவ்விருவரும் தமிழ் வணிகர்கள் என்பதால், "கரை தாண்டி வந்த வியாபாரி காட்டிக்கொடுப்பான்" என்ற எண்ணமும் அப்பெயர்களோடு கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. நான்கு பங்காளிகள் நடத்திய கடை நொடித்துப் போனால், முழு நஷ்டத்தையும் இரண்டு பேர் கணக்கில் எழுதுவது எந்தப் பேரேட்டில் நியாயம்?

கித்துல் நல்லவன் என்று நாம் வாதாடவில்லை. அவன் செய்தது மகா பாவம். அவன் பாவம் அவனோடு நிற்கவேண்டும் என்பதே நம் வாதம்.

அதே நூலின் மறு பக்கம்

கித்துலைப் பற்றிச் சொல்கிற அதே செஜாரா மெலாயு வேறொரு தமிழரைப் பற்றியும் சொல்கிறது. அவர் பெயர் மணி புரிந்தன். கெலிங் தேசத்துப் பாஹிலி என்னும் நாட்டிலிருந்து மலாக்காவுக்கு வந்த முஸ்லிம் அரசகுமாரர். மலாக்காவின் பிரபு குடும்பத்தில் பெண் எடுத்தார். அவருடைய மகன் துன் அலி ஸ்ரீ நர திராஜா. அந்தத் துன் அலியின் மகன்தான், பொய்ப் பழியால் கொல்லப்பட்ட பெண்டாஹாரா துன் முதாஹிர். கொல்ல ஆணையிட்ட சுல்தான் மஹ்மூதின் தாயார் துன் செனாஜாவோ துன் முதாஹிரின் சகோதரி.

துன் முதாஹிர் வெளிநாட்டு வணிகர்களை ஆதரித்து நடத்தியவர் என்று நூல் புகழ்கிறது. மலாக்காவை நோக்கிப் பாய் விரிக்கும் கப்பலோட்டிகள் மூன்றை நினைத்து மகிழ்வார்களாம்: மலாக்காவின் வாழைப்பழம், புக்கிட் சீனாவின் தண்ணீர், அந்தப் பெண்டாஹாரா. எண்பத்து நான்கு மொழிகள் பேசப்பட்ட துறைமுகம் என்று போர்த்துக்கீசியரான தோமே பிரஸ் எழுதிவைத்த ஊரில் இப்படிப் பெயர் வாங்குவது எளிய காரியமா?

இன்னும் ஒன்று கேளுங்கள். இந்நூலை 1612-ஆம் ஆண்டில் ஒழுங்குபடுத்தி எழுதியவராகக் கருதப்படுபவர் ஜொகூரின் பெண்டாஹாரா துன் ஸ்ரீ லானாங். அச்சான பிரதியின் முகவுரையில் அவருடைய வமிசாவளி இருக்கிறது. அது துன் முதாஹிர் வழியாக மேலே சென்று மணி புரிந்தனில் போய் நிற்கிறது. தம்மை மலாய் இனத்தவர் என்று பெருமையோடு சொல்லிக்கொண்டவர், தம் முன்னோராகிய தமிழ் நாட்டவரின் பெயரையும் மறைக்கவில்லை.

ஆகவே, பழி சொன்னவனிடமும் தமிழ் இரத்தம் இருந்தது, பழி சுமந்தவரிடமும் இருந்தது, தீர்ப்பளித்தவரிடமும் இருந்தது, அனைத்தையும் எழுதிவைத்தவரிடமும் இருந்தது. இவர்களில் கித்துலை மட்டும் பொறுக்கியெடுத்து, "இவன்தான் உங்கள் மாதிரி" என்று ஒரு சமூகத்தின் முகத்துக்கு நேரே நீட்டுவது, மூட்டையில் ஒரு கல்லை எடுத்துக் காட்டி மூட்டை முழுவதும் கல் என்பதற்கு ஒப்பாகும்.

"கெலிங்" என்ற சொல்லின் கதியும் இதுவே. கலிங்க தேசத்தின் பெயரிலிருந்து வந்து, ஒரு காலத்தில் இன்ன தேசத்தார் என்று குறிக்க மட்டும் வழங்கிய சொல் அது. 1748-இல் எழுந்த மலாக்கா கம்போங் கெலிங் பள்ளிவாசல் அப்பெயரைக் கண்ணியமாகவே தாங்கி நிற்கிறது. அதே சொல் இன்று ஏச்சாகிவிட்டது. சொல் மாறவில்லை, சொல்லுகிறவர் மனத்திலிருந்த படம் மாறிவிட்டது.

ஏடுகளும் திரைகளும்

இது பழங்கதை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

1961-இல் வெளிவந்த "பாவ மன்னிப்பு" என்ற தமிழ்ப் படத்தில் கதாநாயகன் முஸ்லிம் வீட்டில் வளர்ந்த ரஹீம், நல்லவன், பரோபகாரி. 1990-க்குப் பின் வந்த பல படங்களிலோ தொப்பியும் தாடியும் வெடிகுண்டுக்கு அடையாளமாக்கப்பட்டன. 2013-இல் "விஸ்வரூபம்" படத்தை எதிர்த்துக் கிளர்ச்சி எழுந்து, தமிழக அரசு இரண்டு வாரம் தடை செய்தது. சில இடங்களில் ஒலியை நீக்கிப் பிப்ரவரி 7-இல் படம் வெளிவந்தது. கிளர்ச்சி ஓய்ந்தது, அம்மாதிரிப் பாத்திரங்கள் ஓயவில்லை.

இந்நாட்டில், அப்துல்லா ஹுசைன் எழுதி 1971-இல் வெளிவந்த "இந்தர்லோக்" நாவல், 2011-இல் ஐந்தாம் படிவத்துக்குப் பாடநூலானது. இந்தியாவிலிருந்து வந்தவர்களை ஒரு சாதிப் பெயரால் அது இழிவுபடுத்துகிறது என்று இந்திய மக்கள் வருந்தி எதிர்த்தனர். அவ்வருஷக் கடைசியில் அதைப் பள்ளிகளிலிருந்து மீட்டுக்கொள்ள அரசாங்கம் முடிவு செய்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் மனம் நொந்தால் பட்டணத்தில் கடை வைத்திருப்பவருக்கு என்ன என்று நாம் இருக்கலாமா?

நம் தொழிலையே தொட்ட உதாரணமும் உண்டு. 2020 மார்ச்சில் டில்லி நிஜாமுத்தீனில் கூடிய தப்லீக் ஜமாஅத்தாரிடையே கொரோனா நோய் பரவியது. அது மெய். அதன் மேல், முஸ்லிம்கள் வேண்டுமென்றே நோயைப் பரப்புகிறார்கள் என்று சில தொலைக்காட்சிகளும் கைப்பேசிச் செய்திகளும் பொய்யை ஏற்றின. தள்ளுவண்டியில் காய்கறி விற்ற ஏழை முஸ்லிம்கள் இந்தியாவின் பல இடங்களில் தெருவுக்குள் விடப்படாமல் விரட்டப்பட்டனர். அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தார் சிலர் மீதிருந்த வழக்குகளை ரத்துச் செய்தது. அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டதாகத் தெரிகிறது என்றும் பத்திரிகைப் பிரசாரம் முறையற்றது என்றும் கண்டித்தது. ஆனால் கெட்டுப்போன காய்கறியின் விலையை அந்த வியாபாரிகளுக்கு யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

கித்துல் செய்ததும் இதுதான்: ஒரு மெய்யின் முதுகில் ஒரு பொய்யை ஏற்றி அனுப்பினான்.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

திருக்குர்ஆனின் 49-ஆம் ஸூரா ஹுஜுராத்தில், தீயவன் ஒரு செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான். பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஸகாத் வாங்கச் சென்ற வலீத் பின் உக்பா, பாதி வழியில் பயந்து திரும்பி, அவர்கள் தர மறுத்துத் தம்மைக் கொல்ல வந்தார்கள் என்று பொய் சொன்ன சமயத்தில் இவ்வசனம் இறங்கியதாகத் தப்ஸீர் கிதாபுகள் பல கூறுகின்றன. ஒருவன் சொல்லால் ஒரு கூட்டமே போருக்கு இலக்காகியிருக்கும். விசாரணை அவர்களைக் காத்தது. மலாக்காவில் அந்த விசாரணை இல்லை.

அதே ஸூராவில், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதும் பட்டப்பெயர் சூட்டுவதும் தடுக்கப்பட்டிருக்கின்றன. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பதும் குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் நீதி.

வியாபாரிகளாகிய நமக்கென்றே 83-ஆம் ஸூரா முதஃப்பிஃபீன் இருக்கிறது. தமக்கு வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவருக்குக் கேடு என்கிறது அது. அரிசிக்கும் பருப்புக்கும் உள்ள இச்சட்டம் மானத்துக்கும் மரியாதைக்கும் இல்லையா? "எங்களைக் கித்துல் என்னாதீர்கள்" என்று நிறைய அளந்து கேட்கிறவர், "அந்த நாட்டுக் கூலி ஆட்கள் எல்லாரும் கை நீளமானவர்கள்", "இந்த இனத்தார் கடன் வாங்கினால் திருப்பமாட்டார்கள்" என்று கல்லாவில் உட்கார்ந்து பேசினால், அங்கே தராசு சாய்ந்துவிட்டது. பங்களாதேஷிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வயிற்றுப் பிழைப்புக்கு வருபவர், நம் பாட்டன்மார் வந்த அதே கடல் தாண்டித்தான் வருகிறார்.

நாம் செய்யவேண்டியவை

முதலாவது, நம் பிள்ளைகளுக்கு முழுக் கதையையும் சொல்லவேண்டும். பள்ளியில் கித்துலைப் படித்துவிட்டுத் தலைகுனிந்து வரும் பிள்ளைக்கு மணி புரிந்தனையும் துன் முதாஹிரையும் துன் ஸ்ரீ லானாங்கையும் யார் சொல்வது? வீட்டில் சொல்லாவிட்டால், தன் பாட்டன் எந்த ஊர் என்று சொல்லவே அது நாளைக்குக் கூசும். விடுமுறையில் கம்போங் கெலிங் பள்ளிவாசலுக்கு அழைத்துப்போய், அங்கே உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஏட்டிலோ திரையிலோ நம்மைக் குறித்துத் தவறு வந்தால் கூச்சலிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. இன்ன தேதி, இன்ன பக்கம், இன்ன பிழை, உண்மை இன்னது என்று மரியாதையோடு எழுதி அனுப்பவேண்டும். தனித்தனியே எழுதத் தயங்குவோர் சங்கத்தின் மூலம் எழுதலாம்.

மூன்றாவது, கைப்பேசியில் வரும் சேதியை விசாரிக்காமல் அடுத்தவருக்குத் தள்ளக் கூடாது. தள்ளுகிறவர் முதலியாரின் வேலையைச் செய்கிறார்.

நான்காவது, பிற இனத்தாரைப் பற்றிப் பேசுமுன், அதே வார்த்தையை நம் இனத்தின் மேல் வைத்துப் பார்க்கவேண்டும். நமக்கு வலித்தால் அவர்களுக்கும் வலிக்கும்.

நிறுவை சரியாக இருக்கிறதா என்று அதிகாரி வந்து பார்ப்பது எப்போதாவது ஒரு நாள். மறுமையின் மீஸானில் நம் நாவின் நிறுவையும் பார்க்கப்படும். பிறர் நம்மை நேர்மையோடு எழுதவும், நாம் பிறரை நேர்மையோடு பேசவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.