கேட்கிற காது எங்கே இருக்கிறது?

அமராவதிபுதூரில் அலைச்சத்தம் கேட்காது. கண்மாயும் பனையும்தான் எங்கள் ஊர். ஆனாலும் தொண்டி, நம்புதாளை, சோழியக்குடிப் பக்கத்துப் பையன்கள் திருவாடானை, தேவகோட்டை வழியாகப் பஸ் மாறி என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். இருபது வருஷத்துக்கு மேல் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன் நான். "ஐயா, புதுசா ஃபைபர் படகு எடுத்திருக்கோம். ஆபத்துன்னா கூப்பிட எந்த செட்டு வாங்குறது?" என்பதுதான் எல்லோரும் கேட்பது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. விலையை அப்புறம் கேளுங்கள், தம்பிகளா. நீங்கள் கூப்பிட்டால் அந்தப் பக்கம் யார் கேட்பார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

என் காலத்தில் கப்பல் ரேடியோ அறையில் ஒரு சுவர்க்கடிகாரம் இருக்கும். அதன் முகத்தில் நான்கு இடத்தில் மூன்று மூன்று நிமிஷத்துக்குச் சாயம் பூசியிருக்கும். மணி அடிக்கும்போதும் அரை மணிக்கும் பச்சை, காலுக்கும் முக்காலுக்கும் சிவப்பு. பச்சையில் 2182 கிலோஹெர்ட்ஸ், சிவப்பில் 500 கிலோஹெர்ட்ஸ். முள் அந்தச் சாயத்துக்குள் வந்துவிட்டால் உலகத்தில் எந்தக் கப்பலும் அந்த அலைவரிசையில் வேறு பேச்சுப் பேசக்கூடாது. எங்கோ ஒருவன் பலவீனமாகக் கூப்பிடுகிறானா என்று காது கொடுக்க வேண்டும். 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது பக்கத்தில் நின்ற கலிபோர்னியன் கப்பலின் ரேடியோக்காரர் வேலை முடித்துப் படுத்துவிட்டார். கூப்பிட்ட குரல் இருந்தது, கேட்க ஆள் இல்லை. எங்கள் தொழிலின் சட்டதிட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான் இறுகியது.

இவ்வளவும் தெரிந்த நானே ஒருமுறை தவறு செய்தேன். தெரிந்த குடும்பத்துப் படகுக்குக் கையடக்க விஎச்எஃப் ரேடியோ ஒன்று வாங்கச் சொன்னேன். நல்ல செட்டு, 5 வாட். வாடைக்காலத்தில் நடுக்கடலில் எஞ்சின் நின்றது. ஆபத்தில் அழைப்பதற்கென்று உள்ள 16-ஆம் சேனலில் இரண்டு மணி நேரம் கூப்பிட்டிருக்கிறார்கள். சுற்றி இருந்த படகுகளில் பாதியில் செட்டே இல்லை. இருந்தவர்கள் வேறு சேனலில் மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஒரு வல்லம் வந்தது. அந்தக் கரையில் யார் எதைக் கேட்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அந்த இரவில் அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் எனக்கு மறக்கவில்லை.

2. செல்போன் உங்களிடம் இருக்கிறது. அதை மட்டும் நம்பாதீர்கள். கரை மறைகிற தூரம் போனால் சிக்னல் வரும், போகும். நம் பாக்கு நீரிணையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிழக்கே போகப் போக இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். அப்போது கடலோரக் காவல் படையின் 1554, மரைன் போலீஸின் 1093 போன்ற சுருக்க எண்கள் போய்ச்சேரும் என்று சொல்ல முடியாது. அதனால் முழு எண்களையும் வாங்கி, போனிலும் போட்டு, படகின் பலகையில் பெயிண்டாலும் எழுதிவையுங்கள்.

3. விஎச்எஃப் செட்டு வாங்கினால் வாட்டைப் பார்த்து மயங்காதீர்கள். இந்த அலை நேர்கோட்டில்தான் போகும். ஒரு மனக்கணக்கு சொல்கிறேன். ஆன்டெனா நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4-ஆல் பெருக்குங்கள். வருவது கிலோமீட்டர். படகில் உட்கார்ந்து கையில் பிடித்தால் உயரம் 1 மீட்டர், எட்டுவது 4 கி.மீ. எதிரில் இருப்பவனும் அப்படியே இருந்தால் அவனுக்கு ஒரு 4, ஆக 8. அதே ஆன்டெனாவை 4 மீட்டர் கம்பில் ஏற்றினால் உங்கள் பங்கு மட்டுமே 8. கரையில் 36 மீட்டர் கோபுரம் இருந்தால் அதன் பங்கு 24, உங்களோடு சேர்த்து 32. படகில் பொருத்துகிற 25 வாட் செட்டுக்குச் செலவழிக்கிற காசில் முதல் பங்கு ஆன்டெனாக் கம்புக்குப் போகட்டும்.

வாங்கும் செட்டில் டிஎஸ்சி என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு மூடிக்குக் கீழே ஒரு பொத்தான். அமுக்கிப் பிடித்தால் 70-ஆம் சேனலில் உங்கள் அடையாள எண்ணையும், ஜிபிஎஸ் இணைந்திருந்தால் இருக்கும் இடத்தையும் அதுவே அனுப்பிவிடும். அந்த எண் ஒன்பது இலக்கம், நம் நாட்டுப் படகுக்கு 419 என்று ஆரம்பிக்கும். உரிமம் எடுத்து எண்ணைப் பதிந்தால்தான் அது உங்களைக் காட்டும். பதியாத செட்டு பெயர் சொல்லாமல் கூவுகிற மாதிரி. உங்கள் குப்பத்துப் படகுகளெல்லாம் சேர்ந்து வாங்குங்கள், பேச்சு எந்தச் சேனலில் நடந்தாலும் ஒரு காது 16-இல் இருக்கட்டும்.

4. மனிதக் காது எட்டாத தூரத்துக்குச் செயற்கைக்கோள் காது வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது குமரிக் கடலில் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச்சேர வழியில்லை. எத்தனை வீடுகளில் இன்னும் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இஸ்ரோ 2010-இல் இருந்தே டாட் என்ற ஆபத்து அறிவிப்புக் கருவியைத் தந்துவருகிறது. அமுக்கினால் செய்தி செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல் படைக்குப் போகும். பழைய கருவியில் ஒரு குறை. அமுக்கியவனுக்குப் பதில் வராது. தண்ணீர் ஏறுகிற படகில், கேட்டார்களா இல்லையா என்று தெரியாமல் காத்திருப்பது கொடுமை. 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் 'செய்தி கிடைத்தது' என்ற பதில் திரும்பி வருகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் மத்திய அரசுத் திட்டமும் தொடங்கியது. படகுக்காரர் காசு கொடுக்க வேண்டியதில்லை. போனோடு இணைத்துக் குறுஞ்செய்தி அனுப்பலாம், எல்லையை நெருங்கினாலும் எச்சரிக்கும். மீன்வளத்துறை அலுவலகத்தில் உங்கள் பதிவுச் சான்றோடு போய்க் கேளுங்கள். கடையில் காசைக் கொட்டும் முன் செய்ய வேண்டியது இதுதான்.

ஜெமினி என்ற சிறு பெட்டியும் உண்டு. காற்று, புயல், மீன் இருக்கும் இடம் பற்றிய செய்தி அதில் வரும். நீங்கள் பேச முடியாது. அதை வைத்திருப்பதாலேயே கூப்பிடவும் வழியிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

5. வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்த சாட்டிலைட் போன் வேண்டவே வேண்டாம். நம் நாட்டில் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். நம்முடையதோ எல்லைக் கடல்.

6. உப்பு எல்லாவற்றையும் தின்னும். நம் காரைக்குடி சிக்ரி ஆய்வகம் உப்புக்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்கவே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அந்தக் காற்றில்தான் உங்கள் பேட்டரி முனையும் இருக்கிறது. வாரம் ஒருமுறை துடைத்து வாஸ்லின் தடவுங்கள். கையடக்க செட்டு வாங்கும்போது ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், 1 மீட்டர் தண்ணீரில் அரை மணி தாங்கும். மிதக்குமா என்று தனியாகக் கேளுங்கள், எல்லா செட்டும் மிதக்காது.

7. இடத்தைச் சொல்லப் பழகுங்கள். தொண்டி ஏறக்குறைய 9 டிகிரி 44 நிமிஷம் வடக்கு. இதையே "ஒன்பது புள்ளி நாற்பத்து நாலு" என்று சொன்னால் தேடுகிறவர் தேவிபட்டினத்துக்கும் தெற்கே, 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்ச் சுற்றுவார். 'டிகிரி', 'நிமிஷம்' என்ற சொற்களை விடாதீர்கள். மேடே என்று மூன்று முறை, படகின் பெயரும் பதிவு எண்ணும், இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். இந்த வரிசை தூக்கத்திலும் வாயில் வர வேண்டும்.

8. கைத்தீப்பந்தம் இரண்டாவது வையுங்கள். சிவப்பு வெளிச்சம் ஒரு நிமிஷம்தான் எரியும், ஆள் கண்ணில் பட்ட பிறகு கொளுத்துங்கள். மேலே காலாவதித் தேதி இருக்கும்.

9. கருவியை வலைக்கு அடியில் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். என்னிடம் வருகிற பையன்களைக் கையை வாளித் தண்ணீரில் நனைக்கச் சொல்லி, கண்ணைக் கட்டி, செட்டை எடுத்து 16-க்குத் திருப்பச் சொல்வேன். முதல் தடவை யாருக்கும் வராது. பத்தாவது தடவை விரல் தானாகப் போகும். ஆனால் ஆபத்துப் பொத்தானைச் சோதனைக்காக அமுக்காதீர்கள். தவறி அமுக்கிவிட்டால் பயந்து செட்டை அணைத்துவிடாமல் உடனே 1554-க்குச் சொல்லுங்கள், யாரும் அடிக்க வரமாட்டார்கள். சொல்லாவிட்டால் வேறொருவனுக்குப் போக வேண்டிய ரோந்துப் படகு உங்களைத் தேடிக்கொண்டிருக்கும்.

10. கரையில் ஒரு ஆள் வேண்டும். புறப்பட்ட நேரம், போகிற திசை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் வராவிட்டால் எந்த எண்ணுக்குச் சொல்வது, இவை நான்கும் ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் இருக்கட்டும். வீட்டில் இருக்கிறவர்கள் "வந்துடுவான், வந்துடுவான்" என்று காத்திருந்தே பொழுது போய்விடுகிறது. குறித்த நேரம் தாண்டினால் கூச்சப்படாமல் கூப்பிடும் உரிமையை அவர்களுக்கு நீங்களே கொடுத்துவிட்டுப் போங்கள்.

செட்டு வாங்கியதும் பெட்டியோடு கொண்டு வாருங்கள். எண் பதிவதற்குத் தாள் எழுத நான் உதவுகிறேன். வரும்போது அம்மாவையோ சம்சாரத்தையோ கூட்டி வாருங்கள். 16-ஆம் சேனலில் உங்கள் குரல் எப்படி இருக்கும், காற்றின் இரைச்சல் எப்படி இருக்கும் என்று அவர்களும் ஒரு தடவை கேட்டுப் பழகட்டும்.