பால் வெட்டும் நேரம்

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. அண்மையில் பார்த்த படங்கள், தொடர்கள் எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதியிருக்கிறாய். 'கபாலி'க்கு நாலரை. 'பூச்சாண்டி'க்கு நாலு. தொலைக்காட்சியில் வந்த அந்தத் தோட்டத்துத் தொடருக்கும் நாலு, "அச்சு அசல் தோட்டம்" என்ற பாராட்டோடு. 'ஜகாட்'டுக்கு இரண்டரை. காரணம்: "தோட்டத்து மக்களின் கதை என்றார்கள் சார், படத்தில் தோட்டமே இல்லை."

அந்தக் கடைசி வரி என்னை விடவில்லை. நீ மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஜாசினிலும் மெர்லிமாவிலும் கல்யாண வீட்டுப் பந்தியில் பெரியவர்களே இப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன். நாலு பால்மரம், ஒரு லயத்து வீடு, தலையில் துண்டு கட்டிய ஒரு பாட்டி, இவை இருந்தால் தோட்டத்துப் படம், இல்லையென்றால் இல்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களே இப்படி நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் உன் நாலு நட்சத்திரத் தொடரை எடுத்துக்கொள்வோம். கதாநாயகி பால் வெட்டும் காட்சி உனக்கு நினைவிருக்கும். மரங்களுக்கிடையே பளீரென்று வெயில். அவள் நிழல் அவள் காலடியிலேயே விழுகிறது. அப்படியானால் நேரம் என்ன? உச்சி வேளை! அந்த நேரத்தில் யாராவது பால் வெட்டுவார்களா? உன் பாட்டி வெட்டியவர்தானே, அவரிடம் கேட்டுப் பார்.

பால்மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் இருக்கின்றன. இரவில் இலைகள் நீரை அதிகம் வெளியே விடுவதில்லை. மரத்துக்குள் நீர் நிறைந்து, அந்தக் குழாய்கள் அழுத்தத்தோடு இருக்கும். விடியலுக்கு முன் கீறினால் பால் தானாக வழியும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து ஒழுக்கும் குறையும். சில மணி நேரத்தில் பால் வெட்டுவாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆகவேதான் இருட்டோடு பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, நெற்றியில் விளக்கு, கொசு, பனி. ஆளுக்கு ஐந்நூறு மரம் வரை ஒரு நிரை. வெயில் ஏறுமுன் கடைசி மரத்தை முடித்தாக வேண்டும். பிறகு சற்று இருந்து, அதே நிரையில் திரும்ப நடந்து, மரத்தில் கட்டிய மங்கு மங்காகப் பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோருக்குத் தூக்கிப்போய் நிறுக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டுக்கோடு நனைந்து, பால் கோட்டை விட்டுப் பட்டையெல்லாம் பரவும். மங்கில் தண்ணீர் விழும். அன்று வெட்டு இல்லை. விடியற்காலையில் கூரைத் தகரத்தில் மழைச்சத்தம் கேட்டால் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, அம்மாக்களுக்குக் கவலை. அந்தச் சத்தத்தை வைத்தே ஒரு முழுப் படம் எடுக்கலாம்.

வெட்டுக்கோட்டையும் கவனி. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, சுமார் முப்பது பாகைச் சரிவில் இறங்கும். பால் குழாய்கள் பட்டைக்குள் நேராக நிற்காமல் லேசாகச் சாய்ந்து ஏறுவதால், இந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒவ்வொரு முறையும் காகிதம்போல ஒரு சீவல். அதற்கு மேல் போனால் பட்டை வீண். ஆழத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் மரத்துக்குக் காயம், பட்டை முண்டு முண்டாக வளரும், கங்காணியிடம் ஏச்சும் விழும். இத்தனை நுட்பத்தையும் இருட்டில், தூக்கக் கலக்கத்தில், வயிற்றில் பிள்ளையோடுகூட நம் பெண்கள் செய்தார்கள். அந்தத் தொடரின் நாயகியோ காய் நறுக்குவதுபோல மரத்தைக் கொத்துகிறாள். நடிகையைக் குறை சொல்லவில்லை. ஒரு காலைப்பொழுது ஒரு பாட்டியைக் கூட்டி வந்து நிறுத்திக் கற்றுக்கொடுக்கச் சொல்லாத இயக்குநரைத்தான் கேட்கிறேன். நம் மக்களின் தொழிலுக்கு இவ்வளவு மதிப்புத்தானா?

இதை ஏன் இப்படி இழுக்கிறேன் தெரியுமா? நம் மலாக்காவில் இருந்துகொண்டு இதை மறக்கக்கூடாது. 1896-இல் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கரில் ரப்பர் நட்டார். இந்த நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுதான். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். அவரைத் தூண்டியவர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி. கோடாலியால் கொத்திப் பாலெடுத்து மரத்தைக் கெடுத்த பழைய வழக்கத்துக்கு மாற்றாக, ஒரே கோட்டில் மெல்லச் சீவும் முறையை வகுத்தவரும் அவரே. உன் பாட்டியின் கை அறிந்த வெட்டு அந்த முறையில் வந்தது. நீ மலாக்காக்காரன், மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிட உனக்கு இதில் கண் கூர்மையாக இருக்க வேண்டும்.

அடுத்து 'கபாலி'. படப்பிடிப்பின் ஒரு பகுதி 2015-இல் நம் மலாக்காவிலேயே நடந்தது என்பதால் இங்கே யாரும் அதைக் குறை சொல்ல விடமாட்டார்கள். நானும் அதை வெறுக்கவில்லை. தோட்டத் தொழிலாளியின் மகனைத் தமிழ்த் திரையின் ஆகப்பெரிய நட்சத்திரத்துக்குப் பாத்திரமாக்கியது பா. ரஞ்சித் செய்த பெரிய காரியம். கூலி உயர்வுக்குப் போராடும் தலைவருக்குத் தமிழ்நேசன் என்று பெயர். 1924 முதல் 2019 வரை இங்கே வந்த 'தமிழ் நேசன்' நாளிதழில் வேலை பார்த்த ஆர். எச். நாதன்தான் 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் முன்னணியில் நின்றவர். அந்தப் பெயரை எண்ணி வைத்தார்களோ இல்லையோ, எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆனால் அந்த வேலைநிறுத்தக்காரர்கள் என்ன கேட்டார்கள் என்று படித்துப் பார். கூலி கேட்டார்கள், சீனத் தொழிலாளிக்குச் சமமாகக் கேட்டார்கள். கூடவே இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் போக வேண்டும். சைக்கிள் தம்பி, சைக்கிள்! ஒரு மனிதன் சைக்கிளில் வருகிறான், தூரத்தில் துரையின் தொப்பி தெரிகிறது, இறங்குவதா வேண்டாமா? இந்த ஒரு காட்சியை ஒரு நல்ல இயக்குநரிடம் கொடுத்தால் வசனமே வேண்டாம். 'கபாலி'யில் நிறைய வசனம் இருக்கிறது. கூலிக்குப் போராட்டம் இருக்கிறது. அந்தக் கூலிக்கு என்ன வேலை செய்தார்கள் என்பது மட்டும் என் நெஞ்சில் பதியவில்லை. கபாலியின் கோட்டும் நாற்காலியும்தான் நிற்கின்றன. நாலரை அதிகம்.

வெளியூர்க்காரர் எடுத்ததால் வந்த குறை என்று யாராவது சொன்னால் நம்பாதே. மலாக்காவின் வீரன் ஹங் துவாவை 1956-இல் வண்ணத்தில் திரைக்குக் கொண்டுவந்தவர் வங்கத்திலிருந்து வந்த பானி மஜும்தார். பி. ரம்லியை 1950-இல் 'பக்தி'யில் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன். எழுத்திலும் அப்படித்தான். 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்த நாவலை ஆங்கிலத்தில் எழுதிய பி. எச். டேனியல் தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்தவர், கொழுந்து பறித்தவரல்ல. தொழிலாளியின் உடம்பில் வேலை என்ன செய்கிறது என்று அவர் பார்த்தார். அந்த நாவலை அடியொற்றி 2013-இல் பாலா எடுத்த 'பரதேசி'யில் சில இடங்களில் கூச்சல் அதிகம். ஆனாலும் வேலையின் பாரம் பார்ப்பவர் தோளிலும் ஏறுகிறது. நம்மைப் பற்றி அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' எனக்கு அவ்வளவு நெருங்கவில்லை. அன்பு இருந்தது, நிரையில் நடந்த களைப்பு இல்லை. சீ. முத்துசாமியின் 'மண்புழுக்க'ளில் அது இருக்கிறது. விடுமுறைக்கு வரும்போது என் பிரதியைத் தருகிறேன், ஓரங்களை மடிக்காமல் படித்துவிட்டுக் கொடு.

இனி 'ஜகாட்'டுக்கு வருகிறேன். தோட்டமே இல்லை என்கிறாய். ஆமாம், இல்லை. அதுதான் கதை! தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் கைமாறியும் போன பிறகு, லயத்தைவிட்டு வெளியேறிப் பட்டணத்து ஓரத்துப் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டிய குடும்பங்களை சஞ்சய் குமார் பெருமாள் காட்டுகிறார். காலம் தொண்ணூறுகளின் தொடக்கம். அப்போய் என்ற துறுதுறுப்பான பன்னிரண்டு வயதுப் பையன். அவனைச் சுற்றி அப்பா மணியம், மெக்சிகோ, பாலா என்று மூன்று ஆண்கள். தோட்டம் கொடுமைதான், நான் அதைப் புகழ மாட்டேன். ஆனால் அங்கே விடிகாலையில் எல்லோரையும் எழுப்பி நிறுத்தும் ஒரு பெரட்டு இருந்தது. பிள்ளைக்கு ஆயாக் கொட்டகை, சாமிக்கு ஒரு கோயில், சண்டைக்கு ஒரு கங்காணி என்று எல்லாம் இருந்தன. அந்த நேரக்கட்டு ஒரே நாளில் போனால் ஆண்கள் என்ன ஆவார்கள்? ஒருவன் குண்டர் கும்பலுக்குப் போகிறான், ஒருவன் போதையில் சிதைந்து நிற்கிறான், ஒருவன் பிரம்பை எடுத்துப் பிள்ளையைப் படி படி என்று அடிக்கிறான். மூவரின் அசைவிலும் இழந்த தோட்டம் இருக்கிறது. பால்மரத்தைத் தேடிய உன் கண்ணுக்கு அது படவில்லை.

இந்தப் படம் 2015 டிசம்பரில் வந்தது. அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத படங்களுக்கென்று ஒதுக்கிய பிரிவில் இதை வைத்தார்கள். நாட்டில் பெரிய வாதம் எழுந்தது. மலாய்க் கலைஞர்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். கடைசியில் மலேசியாவின் சிறந்த படம் என்ற விருதே இதற்குக் கிடைத்தது. அந்த வரலாறு தெரியாமல் இரண்டரை போட்டிருக்கிறாய். தயவுசெய்து நட்சத்திரம் போடுவதை நிறுத்து. நட்சத்திரம் போட்டவுடன் நீ யோசிப்பதை நிறுத்திவிடுகிறாய்; உன் பட்டியலில் அது நன்றாகவே தெரிகிறது.

'பூச்சாண்டி' பற்றி உன்னோடு எனக்குச் சண்டையில்லை. ஒரு பழைய நாணயத்தைப் பிடித்துக்கொண்டு, ரப்பருக்கு முந்திய தமிழர் வரலாற்றை ஒரு பேய்ப்படம் தேடிப்போனது எனக்கும் பிடித்தது. மலாக்காச் செட்டிகளின் பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல் எழுந்தது, புக்கிட் லிந்தாங்கில் முதல் கன்று நடுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால். அந்தப் பக்கமும் கதைகள் கிடக்கின்றன என்பதை அந்தப் படம் நினைவூட்டியது.

இன்னொரு கேள்வி. உன் வயதுப் பிள்ளைகள் பார்த்த தோட்டம் எது? செம்பனை. பால்மரம் உன் பாட்டியோடு ஏறக்குறைய முடிந்தது. உன் அம்மா வளர்ந்தது செம்பனைக்குள். அப்படியிருந்தும் தொடர்களில் தோட்டம் என்றால் இன்னும் பால்மரம்தான் வருகிறது. அழகாக இருக்கிறது, வரிசையாக நிற்கிறது, படம்பிடிக்கச் சுலபம். செம்பனை வந்தபோது வேலையின் நேரமே மாறியது. குலை வெட்ட விளக்கு வேண்டாம், விடிந்த பிறகு போகலாம். நீண்ட கழியில் அரிவாள் பூட்டிக் குலையை இறக்குவது பெரும்பாலும் ஆண்கள் வேலை. நிரையில் தனக்கென மரங்களும் தனக்கென ஒரு திறமையும் வைத்திருந்த பெண் உதிரிப் பழம் பொறுக்கவும், உரம் போடவும், முதுகில் தொட்டியைச் சுமந்து மருந்து அடிக்கவும் போனாள். அந்த மருந்துகளில் ஒன்றான பராகுவாட் இந்த நாட்டில் முழுவதுமாகத் தடைசெய்யப்பட்டது 2020-இல்தான். அதற்கு முன் அதை மூச்சிலும் தோலிலும் வாங்கியவர்கள் யார்? என் தெருவில் இருக்கிறார்கள், உன் தெருவிலும் இருக்கிறார்கள். நான் பார்த்த தொடர் எதிலும் அவர்களைக் காணவில்லை. மாமியார் மருமகள் சண்டைக்கு எத்தனை நூறு பகுதிகள் ஒதுக்குகிறார்கள்!

இறுதியாண்டுக் குறும்படத்துக்குக் கதை தேடுவதாக முந்திய கடிதத்தில் எழுதியிருந்தாய். உங்கள் பெரியம்மா அலோர் காஜாப் பக்கம் மருந்து அடித்தவர். அவரிடம் உன் வாழ்க்கைக் கதையைச் சொல் என்று கேட்காதே, அழுவார் அல்லது ஒன்றுமில்லை என்பார். எத்தனை மணிக்கு மருந்து கலப்பீர்கள், தண்ணீர் எங்கிருந்து வரும், தொட்டி எந்தப் பக்கம் கசியும், காற்று எதிரே அடித்தால் என்ன செய்வீர்கள், சாப்பாட்டுக்கு முன் கை கழுவத் தண்ணீர் இருந்ததா என்று கேள். அவர் கையால் செய்து காட்டுவார். அப்போது கேமராவை எடுக்காமல் பார்த்துக்கொண்டிரு. முடிந்தால் 2005-இல் தீபக் குமரன் மேனன் எடுத்த 'செம்மண் சாலை'யையும் தேடிப் பார். அறுபதுகளின் தோட்டத்திலிருந்து படிக்கத் துடிக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. மெதுவாகப் போகிறது என்று பாதியில் நிறுத்திவிடாதே.

எழுத்துப் படியைப் படப்பிடிப்புக்கு முன் எனக்கு அனுப்பு. பெரியம்மாவிடமும் படித்துக் காட்டு. தொட்டியைத் தோளில் மாட்டும் முறையில் தப்பு இருந்தால் அவர்தான் கண்டுபிடிப்பார், நான் அல்ல.

அன்புடன்,
உன் ஆசிரியர்