பிறநாட்டாரின் முறைப்பாடும் கமக்காரரின் தோட்டமும்

கமக்காரர் ஒருவர் தமது பந்தலிற் பறித்த பாகற்காயைச் சேகரிப்பாளரிடம் நிறுத்துக் கொடுத்துப் பணத்தைப் பெற்றதும், தமது கடமை முடிந்துவிட்டதென்று எண்ணுதல் இயல்பே. அக்காய் பெட்டியில் அடைக்கப்பட்டு விமானமேறி அயல்நாட்டில் இறக்கப்பட்டதும், அங்குள்ள பரிசோதகர் சிலவற்றை அறுத்துப் பார்ப்பார். உள்ளே புழு இருப்பின், அவர் சேகரிப்பாளரையும் அறியார், கமக்காரரையும் அறியார். பெட்டியுடன் வந்த தாவர சுகாதாரச் சான்றிதழை வழங்கிய அரசாங்கத்தையே அவர் அறிவார். ஆதலால் முறைப்பாடு அவ்வரசாங்கத்துக்கே எழுதப்படும். அதன் பின்னர் நிகழ்வது யாதென்பதைக் கமக்காரரும் அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில், விசாரணையின் கடைசிப் படி பெரும்பாலும் அவருடைய வேலியோரத்திலேயே வந்து நிற்கும்.

முறைப்பாடுகள் இருவகைப்படும். காய் சிறுத்தது, வாடியது, நிறை குறைந்தது என்பன போன்றவை வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையேயான வியாபார வழக்குகள். அவற்றை அவர்களே ஒப்பந்தத்தின்படி தீர்த்துக்கொள்வர். அரசாங்கங்கள் பொதுவாக அவற்றில் தலையிடுவதில்லை. பீடையும் நஞ்சு மீதியும் அவ்வாறானவையல்ல. ஒரு நாட்டில் இல்லாத பூச்சி அங்கு நுழையுமாயின் அந்நாட்டுப் பயிர்கள் அனைத்துக்கும் கேடு விளையும். இதனைத் தடுப்பதற்காகவே 1951ஆம் ஆண்டில் சர்வதேச தாவரப் பாதுகாப்புச் சமவாயம் ஏற்படுத்தப்பட்டது. அதன்கீழ், பிழையான பொதியைக் கண்ட நாடு அதனை அனுப்பிய நாட்டுக்கு எழுத்துமூலம் அறிவித்தல் வேண்டும். சான்றிதழின் இலக்கம், பயிரின் பெயர், காணப்பட்ட பீடை, பொதி எரிக்கப்பட்டதா திருப்பப்பட்டதா என்னும் விபரம் ஆகியன அவ்வறிவித்தலில் இருக்கும்.

அறிவித்தலைப் பெற்ற அரசாங்கம் முதலாவதாகச் சான்றிதழின் இலக்கத்தைக் கொண்டு ஏற்றுமதியாளரைக் கண்டுபிடிக்கும். அவர் மூலமாகப் பொதியிட்ட கொட்டிலையும், அங்கிருந்து தோட்டத்தையும் தேடும். தோட்டம் அகப்படின் பிழையைத் திருத்துவது எளிது: அத்தோட்டத்தை நிறுத்தி வைத்து மற்றையவற்றை அனுப்பலாம். அகப்படாவிடின், எவருடைய காயில் புழு இருந்ததென்று சொல்ல இயலாது. அப்பொழுது வாங்கும் நாட்டினர், எல்லாருடைய காயையும் ஐயுறுவர். இவ்விடத்திலேதான் குற்றமற்ற கமக்காரரும் தண்டனைக்கு உள்ளாகின்றார்.

இதற்கு இந்தியாவில் நிகழ்ந்ததொன்று நல்ல சான்றாகும். 2013ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சென்ற பழங்களிலும் மரக்கறிகளிலும் 207 பொதிகளில் பழ ஈ முதலிய பீடைகள் காணப்பட்டன. இதன் விளைவாக 2014 மே 1ஆந் தேதி தொடக்கம் மாம்பழம், பாகற்காய், கத்தரிக்காய், புடலங்காய், சேம்பு ஆகிய ஐந்தும் தடுக்கப்பட்டன. இவ்வைந்தும் இந்தியாவிலிருந்து ஐரோப்பா வாங்கிய பழ மரக்கறிகளில் நூற்றுக்கு ஐந்து பங்கினும் குறைவானவையே. ஆயினும் அவற்றைப் பயிரிட்டோருக்கு அக்கணக்கு என்ன ஆறுதலைத் தரும்? தடை விழுந்தது மாம்பழப் பருவத்தின் நடுவிலாகும். அவ்வாண்டின் ஐரோப்பிய விற்பனை அத்துடன் நின்றது.

இந்திய அரசாங்கம் கண்டனமும் தெரிவித்தது, திருத்தமும் செய்தது. பயன் தந்தது திருத்தமே என்பது எமது கருத்து. மாம்பழங்களை 48 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைத்தால், தோலின் கீழுள்ள முட்டையும் புழுவும் மாளும். இவ்வகை முறைகளுடன், அங்கீகாரம் பெற்ற பொதியிடும் நிலையங்களின் ஊடாகவே பழங்கள் செல்லவேண்டும் என்ற விதியும் ஏற்படுத்தப்பட்டது. ஐரோப்பியப் பரிசோதகர்கள் நேரில் வந்து பார்த்தனர். 2015 ஜனவரியில் மாம்பழத் தடையை நீக்க அவர்கள் இணங்கினர். மரக்கறிகள் நான்கும் அப்பொழுது விடுவிக்கப்படவில்லை. இதனைக் கமக்காரர் கவனித்தல் வேண்டும். மாம்பழத்தைப் பறித்த பின்னரும் சுத்தஞ் செய்யலாம். பாகற்காயை ஒரு மணி நேரம் வெந்நீரில் இட்டால் அது கறிக்குத்தான் உதவும். மரக்கறிக்குரிய பரிகாரம் பந்தலிலேயே செய்யப்படவேண்டியது.

நெற் செய்கையாளருக்கும் இதில் ஒரு பாடமுண்டு. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் கப்ரா வண்டு காணப்பட்டதென்று ரஷியா அறிவித்து, அம்மாதம் 18ஆந் தேதி முதல் இலங்கையின் தாவர விளைபொருள்கள் யாவற்றையும் தற்காலிகமாகத் தடுத்தது. கப்ரா வண்டு தேயிலையைத் தின்பதன்று. களஞ்சியத் தானியத்தின் கொடிய பகைவன் அது. அதன் புழு சாக்கின் தையலிலும் பலகை வெடிப்பிலும் ஒளிந்து, உணவின்றி ஓராண்டுக்கு மேலும் உயிர்வாழ வல்லது. பொருளிலன்றிப் பொதியுறையிலும் பீடை பயணஞ் செய்யும் என்பதை இது காட்டுகின்றது. இலங்கை அதிகாரிகள் ரஷிய அதிகாரிகளுடன் நேரிற் பேசினர். தடை டிசம்பர் 30இல் நீக்கப்பட்டது. அக்காலத்தில் இலங்கை கட்டுப்படுத்த எண்ணிய ரஷிய அஸ்பெஸ்டசுக்கும் இத்தடைக்கும் தொடர்புண்டென்று பலர் பேசிக்கொண்டனர். முறைப்பாட்டின் பின்னால் வேறு காரணங்களும் இருத்தல் கூடும். ஆயினும் வண்டு இல்லாத பொதியைக் காட்டி எவரும் தடை விதித்தல் அரிது. பழைய சாக்குகளை உதறாது, வெயிலிற் காயவைக்காது மீண்டும் மீண்டும் நெல் கட்டும் வழக்கத்தை இனியேனும் விடுதல் நன்று.

நஞ்சு மீதி பற்றிய முறைப்பாடுகள் இன்னும் நுட்பமானவை. ஒரு மருந்துக்குத் தனியான அளவு வகுக்கப்படாவிடின், யப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் பொதுவாக ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராமையே எல்லையாகக் கொள்வன. அதாவது ஆயிரம் தொன் பொருளிற் பத்துக் கிராம். இலங்கையில் கிளைபோசேற்று 2015இல் தடுக்கப்பட்டபின் தேயிலைத் தோட்டங்களிற் சில வேறு களைகொல்லியை நாடின. அதன் மீதி தேயிலையில் மிகுந்ததென்று யப்பானிலிருந்து முறைப்பாடு வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேற்று மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மரக்கறிகளுள் வல்லாரையையும் பொன்னாங்காணியையும், இலங்கையிலிருந்து செல்வனவற்றுள் மேலதிக மீதிச் சோதனைக்கு உட்படுத்த வேண்டியவை எனப் பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் தனது பட்டியலிற் சேர்த்தது. இது தடையன்று, தடைக்கு முந்திய எச்சரிக்கை. எனினும் சோதனை முடியும்வரை கீரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் கீரை என்னாகுமென்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

இனித் தோட்டத்திற் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம். பூசணிக் குடும்பப் பயிர்களைத் தாக்கும் பழ ஈ இளங்காயின் தோலைத் துளைத்து முட்டையிடும். ஓரிரு நாளிற் புழு வெளிவந்து சதையைக் குடையும். முதிர்ந்த புழு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். பறிக்கும்போது துளை கண்ணுக்குப் புலப்படாமலிருத்தல் கூடும். ஆகையால் பிஞ்சு கட்டியவுடனே கடதாசிப் பையால் மூடுதலே சிறந்தது. விழுந்த காய்களையும் சூத்தைக் காய்களையும் வேலிக்கு வெளியே எறிதல் ஈயை வளர்த்தலாகும். அவற்றை இரண்டடிக்குக் குறையாத ஆழத்திற் புதைக்கவேண்டும், அல்லது பொலித்தீன் பையிற் கட்டி வெயிலில் வைக்கவேண்டும். பொறி கட்டுவோரிற் சிலர் மாமரத்துக்குரிய மெதைல் இயூஜினோல் மருந்தையே பாகற்பந்தலிலும் தொங்கவிடுகின்றனர். பாகலைத் தாக்கும் ஈ அதனை நாடாது; அதற்குக் கியூலூர் என்னும் கவர்ச்சிப் பொருளே ஏற்றது. கியூலூரும் ஆண் ஈக்களை மாத்திரமே இழுக்குமாதலால், பொறி இருக்கின்றதென்று பை கட்டுவதை விட்டுவிடுதலாகாது.

பீடைநாசினி தெளிப்பின், கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே எத்தனை நாள் விடவேண்டுமென்பது சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அடிக்கடி வெட்டப்படும் கீரைகளிலேயே இவ்விதி மிகுதியும் மீறப்படுகின்றது. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையேயுள்ள காலம் சீட்டிலுள்ள நாட்களிலும் குறைவாயின், அம்மருந்து அக்கீரைக்கு உதவாது.

ஒரு கொப்பி வைத்திருத்தல் இவை யாவற்றினும் எளிதும் பயனுடையதுமாகும். எந்தப் பாத்தி, எந்நாளில் நடப்பட்டது, எந்த மருந்து எவ்வளவு எந்நாளில் தெளிக்கப்பட்டது, எந்நாளிற் பறித்து எவரிடம் எத்தனை கிலோ கொடுக்கப்பட்டது என்பவற்றை அன்றன்றே எழுதவேண்டும். பறித்த காயை அயலவர் காயுடன் கலவாது, தமது பெயர் எழுதிய துண்டுடன் வேறு பெட்டியிற் கொடுக்குமாறு சேகரிப்பாளருடன் பேசிக்கொள்க. அவர் மறுப்பின், அவரிடமிருந்து வாங்கும் ஏற்றுமதியாளரை அறிந்து, விவசாயப் போதனாசிரியர் மூலமாகக் கேட்பிக்கலாம். முறைப்பாடு வந்து அதிகாரிகள் தோட்டத்துக்கு வரும்போது இக்கொப்பியையும், பாவித்த மருந்துப் போத்தல்களின் சீட்டுகளையும், விற்றதற்கான பற்றுச்சீட்டையும் காட்டுக. குறித்த நாளில் நீர் காய் கொடுக்கவில்லை என்பதை உம்முடைய எழுத்தே நிறுவும். கொடுத்திருப்பின், எந்தப் பாத்தியைச் சோதிக்கவேண்டும் என்பதையும் அதுவே காட்டும்.