பின்சக்கரமும் ஒரு சின்னப் பின்னும்

மீமிசல் உப்புக்காற்றில் அப்பாவின் பழைய பஜாஜ் சேட்டக்கில் நட்டெல்லாம் துரு. லீவில் பின்பிரேக் ஷூ மாற்ற நானே உட்கார்ந்தேன்.

முதலில் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். வண்டியைச் சாய்க்குமுன், ஸ்பிளிட் பின்னை உருவிவிட்டு நடு நட்டைத் தளர்த்த வேண்டும். தேய்ந்த பிரேக்கை நம்பாமல் முதல் கியரில் போட்டு, தம்பியை மேலே உட்கார வையுங்கள். நான் சாய்த்த பிறகு முயன்றேன். நட்டோடு சக்கரமும் சுற்றியது, அரைமணி நேரம் மல்லுக்கட்டு! நட்டு கழன்றால் சக்கரம் டிரம்மோடு வந்துவிடும். உள்தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். புது லைனிங்கில் கிரீஸ் படவே கூடாது.

எல்லாம் மாட்டி, அப்பா கோட்டைப்பட்டினம் கிளம்பிவிட்டார். டப்பாவைப் பார்த்தால் ஸ்பிளிட் பின் உள்ளே கிடக்கிறது! நடு நட்டு கழலாமல் காப்பதே அதுதான். தெருமுனைவரை ஓடிப்போய் நிறுத்தினேன்.

"இதுக்குத்தான் டிப்ளமோவா?" என்றார் அப்பா. பதில் சொல்லாமல் புதுப் பின் வாங்க ஓடினேன்.