வெறும் தண்ணீர்தானா?



2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரம் உங்களில் பலருக்கு ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே பழக்கமானது. சீரியாவின் படைத்தலைவனாகிய நாகமான் 10 தாலந்து வெள்ளி, 6,000 சேக்கல் பொன், 10 மாற்று வஸ்திரங்களோடு எலிசாவின் வாசலில் வந்து நின்றான். தீர்க்கதரிசி வெளியே வரவில்லை. யோர்தானில் 7 முறை ஸ்நானம்பண்ணும்படி ஆள் அனுப்பிச் சொன்னதோடு சரி. நாகமானுக்குக் கோபம் மூண்டது. தமஸ்குவின் ஆப்னாவும் பர்பாரும் இதைவிட நல்ல நதிகள் அல்லவா?

(வேதத்தில் குஷ்டம் என்பது பலவிதத் தோல் நோய்களையும் குறிக்கும். அவனுக்கு இருந்தது இன்றைய தொழுநோய்தான் என்று நாம் சாதிக்க வேண்டியதில்லை.)

கட்டளை கடினமாயிருந்ததால் அவன் திரும்பிப் போகவில்லை. அது மிக எளிதாயிருந்தது. அதுதான் அவனுக்கு இடறல். பெரிய காரியம் கேட்டிருந்தால் செய்திருப்பான் என்பதை அவனுடைய ஊழியக்காரரே கண்டுகொண்டார்கள்.

நம் வீடுகளில் 'சொன்னால் கேட்கிற பிள்ளை' என்கிறோம். காது கேட்கிறது என்பதல்ல, கீழ்ப்படிகிறது என்பதே பொருள். எபிரெய மொழியிலும் அப்படித்தான். 'ஷாமா' என்ற ஒரே சொல் கேட்பதையும் கீழ்ப்படிவதையும் குறிக்கிறது. நாகமான் எலிசாவின் வாசலில் காதால் கேட்டான். யோர்தானில் இறங்கியபோதுதான் உண்மையாகக் கேட்டான்.

எங்கள் தொழுநோய் வார்டில் முதியவர் ஒருவர் இருந்தார். கூட்டு மருந்தை 12 மாதம் முடித்து, கிருமி நீங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் செத்துப்போன நரம்பை மாத்திரை திருப்பித் தராது. பாதத்தில் உணர்வில்லை, முள் தைத்தாலும் தெரியாது, புண் வந்தாலும் வலிக்காது. அதற்கு மருத்துவர்கள் சொல்வது இவ்வளவே: புண் ஆறும்வரை காலை ஊன்றாதே, தினமும் 20 நிமிடம் தண்ணீரில் ஊற வை, காய்ப்பைத் தேய்த்து எடு, எண்ணெய் பூசு, காலைத் தூக்கிப் பார்.

அவருடைய புண் மூன்றாம் முறை திறந்தது. "ஐயா, எனக்காக உபவாசம் போட்டு ஜெபிக்கணும்" என்று கேட்டார். நாங்களும் மகிழ்ந்து ஒரு வாரம் அவர் கட்டிலருகே ஜெபித்தோம். ஒரு நாளாவது பேசினில் காலை வைத்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டது ஒரு நர்ஸ் சகோதரி. "வெறும் தண்ணிதானேம்மா, அதுல என்ன இருக்கு?" என்றாராம். அன்று எங்களுக்கு வெட்கமாயிருந்தது. ஊழியக்காரராகிய நாங்கள் நாகமானோடு சேர்ந்து பெரிய காரியத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். அந்தச் சகோதரிதான் எலிசாவின் ஆளைப்போல வந்தாள்.

அடுத்த நாள் முதல் நாங்களும் ஒரு முக்காலியைப் போட்டு அந்த 20 நிமிடமும் அவரோடு உட்கார்ந்தோம். ஜெபத்தை விடவில்லை, இடத்தை மாற்றினோம்.

காணிக்கை அனுப்பி எங்களைத் தாங்குகிற உங்களுக்கு இதை எழுதச் சற்றுக் கூச்சம்தான். ஆனாலும் எலிசா அந்த வெள்ளியையும் பொன்னையும் தொடவில்லை என்பதை மறைக்கலாகாது. சவுலும் கொழுத்த ஆடுமாடுகளைப் பலிக்கென்று காட்டி, கேட்காமல் போனதை மூடப் பார்த்தான் (1 சாமுவேல் 15). உங்கள் காணிக்கையால் இங்கே கட்டுத்துணியும் மருந்தும் வருகின்றன. அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆனால் பேசாதிருக்கிற சகோதரனிடம் போய்ப் பேசு என்று கர்த்தர் உங்களுக்குச் சொல்லியிருந்தால், அதற்குப் பதிலாக எங்களுக்கு ஒரு மணியார்டர் அனுப்ப வேண்டாம். முதலில் அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள்.

முதியவருக்குப் புண் மூடப் பல வாரங்கள் ஆயிற்று. முன்பே இழந்த இரண்டு விரல்கள் திரும்ப வரவில்லை. மெத்தென்ற ரப்பர் செருப்புப் போட்டு ஊருக்குப் போயிருக்கிறார். அவர் வீட்டில் தண்ணீர் எடுத்து வைக்க ஆள் இல்லை. தெருக்குழாயிலிருந்து தானே கொண்டுவர வேண்டும். அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.