தேர் வீதியில் ஏழு பருவம்: காதலைப் பற்றி ஒரு பாடம்



கோயில் மடலில் காதலைப் பற்றிப் பாடமா என்று முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் சிறிது பொறுத்தருள வேண்டும். நாம் இம்முறை எடுத்துக்கொண்ட விடயம் கோயில் வீதியோடு ஒட்டிப் பிறந்தது. சுவாமி வீதிவலம் வரும்போது காண ஓடிவரும் பெண்கள் அவர்மேல் காதல் கொள்வதாகப் பாடுவது 'உலா' என்னும் சிற்றிலக்கியம். அவற்றுள் முந்தியது சேரமான் பெருமாள் நாயனார் பாடிய திருக்கயிலாய ஞான உலா. ஆதியுலா என்றும் அதற்குப் பெயருண்டு. நாயன்மாரே பாடியதை நாம் படிப்பதில் குற்றமில்லை.

உலாவில் வரும் பெண்கள் ஏழு பருவத்தினர். பேதை 5 முதல் 7 வயது, பெதும்பை 8 முதல் 11, மங்கை 12, 13, மடந்தை 14 முதல் 19, அரிவை 20 முதல் 25, தெரிவை 26 முதல் 31, பேரிளம்பெண் 32 முதல் 40. பேதைக்குக் காதல் என்றால் என்னவென்றே தெரியாது. அவள் விளையாட்டிலேயே இருப்பாள். பருவம் ஏற ஏறத்தான் மயக்கமும் ஏறும். இது பாட்டு, பாட்டாகவே படிக்க வேண்டும். மங்கைக்குக் கல்யாணம் பேசலாமா என்று யாராவது கேட்டால், இங்கிலாந்திலும் வேல்சிலும் 2023 பெப்ரவரி முதல் 18 வயதுக்குக் கீழ் திருமணமே இல்லை என்பதை நினைவூட்டி விடுகிறோம்.

இந்த ஏழு பேரையும் காண ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை. ஆகஸ்ட் மாதத்தில் ஈலிங் கனக துர்க்கை அம்மன் தேருக்கு மேற்கு ஈலிங் வீதியில் வந்து நின்றால் போதும். பேதை அப்பாவின் தோளில் இருந்து ஐஸ்கிரீம் வண்டி எங்கே என்று பார்ப்பாள். பெதும்பை கைபேசியில் இருப்பாள். தேர் அவளைக் கடந்து போனது வீட்டுக்கு வந்தபின்தான் தெரியும். மடந்தை முதன்முதலாகச் சேலை கட்டி வந்திருப்பாள். அதில் எத்தனை பின் குத்தியிருக்கிறது என்பது அவளுக்கும் அவள் தாயாருக்கும் மட்டுமே தெரிந்த இரகசியம். அரிவையைத் தன் மகனுக்குப் பார்க்கலாமா என்று நாலு அன்ரிமார் கண்ணால் அளந்து கொண்டிருப்பார்கள். தெரிவை குழந்தைத் தள்ளுவண்டியோடு வடம் பிடிக்கப் பார்ப்பாள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உலாவின் பட்டியல் 40 வயதோடு முடிந்துவிடுகிறது. அன்று மடைப்பள்ளியில் விடியற்காலை முதல் சோறு வடித்தவர், மாலை கட்டியவர், தண்ணீர்ப் பந்தலில் நின்றவர் எல்லாரும் பெரும்பாலும் 40 தாண்டியவர்கள்தாம். புலவர்கள் அவர்களை விட்டுவிட்டார்கள். ஆண்களுக்கு நடந்தது இன்னும் மோசம். பாட்டியல் நூல் தரும் கணக்கின்படி 17 முதல் 30 வரை விடலை, அதற்குமேல் எல்லாரும் முதுமகன். நடுவில் ஒன்றுமேயில்லை. நமது சங்கங்களின் இளைஞர் அணிகளில் இருப்போர் இந்த வரியை வாசிக்காமல் தாண்டிப் போவது நல்லது.

பேதைக்கு முந்திய வயதைப் பிள்ளைத்தமிழ் பார்த்துக்கொள்கிறது. மூன்றாம் மாதத்தில் காப்பில் தொடங்கி, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி என்று இரண்டிரண்டு மாதமாகப் போகும். கடைசி மூன்று பருவம் ஆண் பிள்ளைக்கு வேறு, பெண் பிள்ளைக்கு வேறு. இங்கே குழந்தை பிறந்தவுடன் கையில் தரும் சிவப்புப் புத்தகத்தை எடுத்து இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. சப்பாணி என்பது கைகொட்டுவது. தாதிமார் வீட்டுக்கு வந்து "பிள்ளை தலை நிமிர்த்துகிறதா, கை தட்டுகிறதா" என்று கேட்டுக் கட்டத்தில் புள்ளடி போடுவதும் இதையேதான். அவர்கள் புள்ளடி போடுகிறார்கள், நம் புலவர்கள் பருவத்துக்குப் பத்துப் பாட்டாக நூறு பாடினார்கள். பல் முளைத்ததும் பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டும் வழக்கம் மட்டும் சிவப்புப் புத்தகத்தில் இல்லை. அது இன்னும் அம்மம்மாமார் கையில்தான் இருக்கிறது.

இனித் திருக்குறளுக்கு வருவோம். இலண்டனில் ரஸ்ஸல் சதுக்கத்தை அடுத்த கீழைத்தேயக் கல்விக் கல்லூரி வளவில் 1996 முதல் வள்ளுவர் சிலையாக அமர்ந்திருக்கிறார். பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகும் பெற்றோர் அறத்துப்பாலைப் பற்றி நிறையச் சொல்வார்கள். காமத்துப்பால் வந்ததும் குளிர் அடிக்கிறது, வாருங்கள் போவோம் என்பார்கள். இந்த வெட்கம் புதிதல்ல. வீரமாமுனிவர் குறளை இலத்தீனில் பெயர்த்தபோது அறத்தையும் பொருளையும் செய்து இன்பத்தை விட்டுவிட்டார். 1886 இல் ஜி. யு. போப் 1330 குறளையும் ஆங்கிலச் செய்யுளாக்கி வெளியிட்டார். பாதிரியார் ஒருவர் துணிந்ததை நாம் துணியலாம்.

காமத்துப்பால் 109 ஆம் அதிகாரம் முதல் 133 வரை, 25 அதிகாரம். அதில் கண்டு மயங்கும் பகுதி சிறிது; பிரிவுதான் பெரிது. கடைசி மூன்று அதிகாரங்களும் ஊடல். உலகப் பொதுமறை என்று நாம் கொண்டாடும் நூல் எதில் முடிகிறது தெரியுமா? கணவன் மனைவி கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்புவதில்! 132 ஆம் அதிகாரமான புலவி நுணுக்கத்தில் ஒரு தும்மல் காட்சி உண்டு. கணவன் தும்முகிறான். மனைவி வழக்கப்படி வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாயோடு, "எவள் நினைத்ததால் இந்தத் தும்மல்?" என்று அழத் தொடங்குகிறாள். அடுத்த முறை அவன் பயந்து தும்மலை அடக்குகிறான். "உமக்கு வேண்டியவர்கள் நினைப்பதை எனக்கு மறைக்கிறீரோ" என்று அதற்கும் அழுகை. வைகாசி, ஆனி மாதங்களில் புல்லின் மகரந்தத்தால் நாள் முழுக்கத் தும்மும் இலண்டன் கணவனின் கதியை எண்ணிப் பாருங்கள். வள்ளுவரின் நாயகி இங்கே இருந்திருந்தால் ஒரு கோடைகாலம்கூடத் தாங்கியிருக்க மாட்டாள்.

நமது வீடுகளில் காதலை வாய்விட்டுச் சொல்வதில்லை என்று இங்கு வளர்ந்த பிள்ளைகள் குறைப்படுவதுண்டு. பள்ளி வாசலில் வெள்ளைக்காரத் தாய் ஒருநாளைக்கு இருமுறை சொல்வதை, நம் அப்பாக்கள் ஆயுளில் ஒருமுறையும் சொன்னதில்லையாம். உண்மைதான். ஆனால் ஊடலும் ஒரு பேச்சுத்தான். வேலைக்குப் போகிறவருக்குக் கோபத்தோடு கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பெட்டியில் அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலும் இருந்தால், அந்தக் கோபத்தை எந்த அதிகாரத்தில் சேர்ப்பது? 133 என்பதே நமது தீர்ப்பு. அதன் பெயர் ஊடலுவகை.

புலவர்கள் 40 இல் நிறுத்தினாலும் சடங்கு நிறுத்தவில்லை. 60 ஆண்டுச் சக்கரம் ஒருமுறை சுற்றி, பிறந்த ஆண்டின் பெயரே திரும்ப வரும்போது மணிவிழா. மார்க்கண்டேயருக்காக இயமனை உதைத்த திருக்கடையூரில் அதைச் செய்வது சிறப்பு என்பர். இங்கே நம் கோயில்களிலும் நடக்கிறது. அதே மனைவிக்கு அவர் மீண்டும் தாலி கட்டுகிறார். இம்முறை சாதகம் பார்ப்பதில்லை. பார்த்துத்தான் என்ன பயன்? அதே வயதில் இலண்டன்வாசிக்கு 60 பிளஸ் ஒய்ஸ்டர் அட்டையும் கிடைத்துவிடும். வார நாளில் காலை 9 மணிக்கு முன் அது செல்லாது. மாப்பிள்ளைக்கு 60, பெண்ணுக்கு 54 என்றால் மணிவிழா முடிந்து வீடு திரும்பும் பேருந்தில் புதுமணப் பெண் மட்டும் காசு கொடுப்பாள். 80 தாண்டியபின் வருவது சதாபிஷேகம், ஆயிரம் பிறை கண்ட கணக்கு. கணித்துப் பார்த்தோம்: ஆயிரம் முழுநிலா வர ஏறக்குறைய 80 வருடம் 10 மாதம் ஆகும். பெரியவர்கள் கணக்குப் பிசகவில்லை.

அதற்கப்பாலும் ஒரு பருவம் இருக்கிறது. அதற்கு எந்த நூலும் பெயர் வைக்கவில்லை. மறதிநோய் வந்த முதியவர் பலரிடம், பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவிப்போய்த் தாய்மொழி பிந்தித் தங்குவதைக் காண்கிறோம். முப்பது வருடம் அலுவலகத்தில் ஆங்கிலம் பேசியவர் மெல்லத் தமிழுக்கே திரும்புகிறார். அவரைச் சுற்றி நிற்கும் பேரப்பிள்ளைகளுக்கோ அது புரிவதில்லை.

நாமறிந்த ஒரு குடும்பத்தில் அம்மம்மா பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். மகளைச் சில நாள் தங்கை என்பார், பேரனை மைத்துனன் என்பார். கணவரின் பெயரை அவர் மறந்துவிட்டாரா என்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏனெனில் கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்தப் பெயரை வாயால் சொன்னதேயில்லை. ஆனால் ஒவ்வொரு மாலையும் தாத்தா கதவைத் திறந்து உள்ளே வந்தால் தலையைத் திருப்பி, "இஞ்சேருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டியளோ?" என்பார். இதை நாள்தோறும் கேட்ட தாதி, தாத்தாவின் பெயரே இதுதான் என்று எண்ணி, குறிப்பேட்டில் 'மிஸ்டர் இஞ்சேருங்கோ' என்று எழுதி வைத்திருந்தார். பிள்ளைகள் சிரித்துத் திருத்தப் போனார்கள். தாத்தா விடவில்லை. "அது சரியாத்தான் இருக்கு, விடுங்கோ" என்றார்.

தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கான பயிற்சி: உங்கள் அம்மம்மா அல்லது அப்பம்மா உங்கள் தாத்தாவை எப்படி அழைப்பார், தாத்தா அவரை எப்படி அழைப்பார் என்று கேட்டுத் தமிழிலேயே எழுதி வாருங்கள். ஒருவர் மட்டுமே இருந்தால் அவரிடம் ஆறுதலாகக் கேளுங்கள். பதில் வரச் சிறிது நேரமாகும். கேட்கும்போது தாத்தா தும்மினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.